ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் கொரோனா: பஃப்பை நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கொடுவாய்க்காரி
9 ஜூன் 2025

எல்லோருக்கும் வணக்கமுங்க. பையனுக்கு ஏழு வயது. நான்கு வயதிலிருந்து வீசிங். இப்போது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று புடசொனைடு என்கிற ஸ்டீராய்டு பஃப்பை ஸ்பேசர் (பஃப்பை மாட்டி மருந்தை இழுக்கிற குழாய்) வைத்துக் கொடுக்கிறோம். மூச்சு இறுகினால் உடனே தணிக்கக் கொடுக்கிற நீல பஃப் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. போன வருடம் ஆடிக் காற்றில்கூடப் பெரிதாகத் தொந்தரவில்லை.

இப்போது டிவியில் மறுபடி கொரோனா என்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் அத்தை ஒரே பிடியாக நிற்கிறார். “அது ஸ்டீராய்டு, பையன் ஒடம்புல இருக்கற சத்தையெல்லாம் தின்னுபோடும், கொரோனா வந்தாத் தாங்குவானா? மொதல்ல அதை நிறுத்து” என்கிறார். பனியன் கம்பெனியில் யாரோ சொன்னார்களாம், வீட்டுக்காரரும் சேர்ந்து ஆமாம் போடுகிறார்.

நிறுத்தலாமா? ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்குக் கொரோனா வந்தால் மற்ற பிள்ளைகளைவிட எச்சாக் கஷ்டப்படுமா? இருமினால் வீசிங்கா கொரோனாவா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் டோக்கன் கிடைத்திருக்கிறது. அதற்குள் வீட்டில் போர் முடிகிற மாதிரி தெரியவில்லை.

சோமனூர் தறி
9 ஜூன்

நிறுத்தாதீங்க தங்கச்சி. வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்போது கொடுக்கிற மாதிரியே கொடுங்க.

எங்கள் பாப்பாவுக்கு 2022 பொங்கல் சமயத்தில், அந்த ஒமைக்ரான் அலையில் வந்தது. வீட்டில் எல்லோருக்குமே வந்தது, எனக்குத்தான் முதலில். பாப்பாவுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, இரண்டு மூன்று நாள் சோர்வு, அவ்வளவுதான். பஃப்பை ஒரு வேளைகூட விடவில்லை. டாக்டர் போனிலேயே சொன்னது ஒரே வார்த்தை: “எதை நிறுத்தினாலும் அதை நிறுத்தாதீங்க.”

ஆனால் அதற்கப்புறம் ஒரு கதை இருக்கிறது. தறியில் நூல் அறுந்து கிடக்கிறது, சாயங்காலம் எழுதுகிறேன்.

கோபி மாத்திரைக்காரர்
9 ஜூன்

கோபியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் அத்தை சொல்வது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2021 மே மாதம் நினைவிருக்கிறதா? கடைக்கு முன்னால் வரிசை. வாட்ஸாப்பில் வந்த சீட்டைக் காட்டி டெக்ஸாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசலோன் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஆக்சிஜன் தேவைப்படுகிற நோயாளிக்கு அது உயிர் காக்கும் மருந்து. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ரெகவரி ஆய்வு அதைத்தான் காட்டியது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. இங்கே என்ன ஆயிற்று? லேசான காய்ச்சல்காரர்களும் சர்க்கரை நோயாளிகளும் அளவு தெரியாமல் விழுங்கினார்கள். அடுத்து கருப்புப் பூஞ்சை வந்தது. கண் போனவர்களை டிவியில் காட்டினார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லே அன்றிலிருந்து பயமாகிவிட்டது. அந்தப் பயம் நியாயமானதுதான், அது இறங்கிய இடம்தான் தப்பு.

பையன் இழுப்பது புடசொனைடு. ஒரு பஃப்பில் 100 அல்லது 200 மைக்ரோகிராம் இருக்கும். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். வீசிங் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கிற பிரெட்னிசலோன் சிரப், கிலோவுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாது. மருந்துக்கு மருந்து வீரியம் வேறு, அதனால் நேருக்கு நேர் எடை போடக்கூடாது. ஆனாலும் தோட்டம் முழுக்க மருந்தடிப்பதற்கும் பூச்சி விழுந்த செடிக்கு மட்டும் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு. பஃப் மருந்து மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கத்தான் போகிறது.

பஃப்பை நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஏமாற்றும். “பாத்தியா, நிறுத்தினோம், நல்லாத்தான் இருக்கான்” என்பார்கள். சில வாரம் கழித்து வீக்கம் மெல்லத் திரும்பும். அந்த நேரத்தில் சாதாரணச் சளி பிடித்தால்கூட மூச்சு இறுகும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள், அங்கே சிரப் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். எதற்குப் பயந்து நிறுத்தினீர்களோ அதையே பெரிய அளவில் விழுங்க வேண்டி வரும். இதை அத்தையிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

மூலிகைத் தோட்டம்
9 ஜூன்

எல்லோரும் இங்கிலீஷ் மருந்துக்கே வக்காலத்து. முதல் அலையில் ஊரையே காப்பாற்றியது கபசுரக் குடிநீர். வேப்பிலை, நொச்சி, மஞ்சள் போட்டு ஆவி பிடித்தால் சளி கரையும், மூச்சு தானாகத் திறக்கும். பிள்ளையைக் காலமெல்லாம் பஃப்புக்கு அடிமையாக்காதீர்கள்.

பழைய நர்ஸ்
9 ஜூன்

குடிநீரைப் பற்றி நான் பேசவில்லைங்க, அதைச் சித்த மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். ஆனால் நான் வேலை பார்த்த காலத்தில் படித்த சித்த மருத்துவர் யாரும் பஃப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆவி விஷயத்தில் மட்டும் சும்மா இருக்க முடியாது. ஈரோட்டில் குழந்தைகள் வார்டில் இருந்தவள் நான். போர்வைக்குள் கொதிக்கிற சட்டி, உள்ளே நெளிகிற பொடுசு, ஒரு கை தட்டினால் போதும். தொடையிலும் வயிற்றிலும் தோல் உரிந்து வந்த பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். ஆவி கொரோனா கிருமியைக் கொல்லாது. வீசிங் என்பது மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகுவது. அதற்கு ஆவி ஒன்றும் செய்யாது, நொச்சி தைல வாசனை சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பியும் விடும். 2021இல் தெருமுனையில் குழாய் வைத்து ஆவி பிடிக்க வைத்தார்களே, அதை வேண்டாம் என்று சுகாதார அமைச்சரே சொன்னார், கூட்டமாக நின்றால் கிருமிதான் பரவும் என்று.

சரி, தங்கச்சி கேட்ட மூன்றாவது கேள்வி. வீசிங்கா கொரோனாவா? வீட்டில் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சாயல் தெரியும். உங்கள் பையனுக்கு வழக்கமாக இழுப்பு எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியுமல்லவா? ராத்திரி இருமல், விடிகாலை விசில் சத்தம், ஓடினால் இறுக்கம். அந்த வழக்கமான வரவு காய்ச்சல் இல்லாமல் வந்து, நீல பஃப் கொடுத்ததும் சட்டென்று தணிந்தால் அது பெரும்பாலும் ஆஸ்துமாதான். காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே மாதிரி என்றால் ஏதோ ஒரு வைரஸ். அது கொரோனாவா, ஃப்ளூவா, வெறும் சளிக் கிருமியா என்பது பரிசோதனையில்தான் தெரியும். எதுவானாலும் முதல் சில நாளுக்கு வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றேதான்: பஃப்பை விடாமல் கொடுத்து, மூச்சைக் கவனிப்பது.

இன்னொரு சத்தமும் உண்டு. ஒமைக்ரான் வந்தபோது சின்னப் பிள்ளைகளுக்கு நாய் குரைக்கிற மாதிரி ஒரு இருமல் வந்தது, குரூப் என்பார்கள். அதில் மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வரும். வீசிங்கில் வெளியே விடும்போது வரும். சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சருகே காதை வைத்துக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும். குரூப்புக்கு நீல பஃப் வேலை செய்யாது, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

மூச்சை எண்ணப் பழகுங்கள். பிள்ளை தூங்கும்போது, காய்ச்சல் இறங்கிய நேரத்தில், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிற வேலை வேண்டாம், சின்னப் பிள்ளைகள் ஒரே சீராக மூச்சு விடாது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 தாண்டினால், ஐந்து வயதுக்கு மேல் 30 தாண்டினால் வேகம் என்று கணக்கு. விலா எலும்புக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், 108.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் வைத்திருந்தால் நல்லது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. ஆனால் பெரியவர்கள் கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது. கட்டை விரலில் வைத்துப் பாருங்கள், கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பாலிஷை எடுத்துவிடுங்கள், எண் ஆடாமல் நிற்கும் வரை காத்திருங்கள். 88 என்று காட்டிவிட்டது என்று நடுராத்திரி அலறி அடித்துக்கொண்டு வந்தவர்கள் பாதிப்பேருக்கு இந்தச் சிக்கல்தான். இன்னொரு பக்கம், எண் 97 காட்டுகிறது என்று திணறுகிற பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தவர்களும் உண்டு. மிஷினைவிடப் பிள்ளையைப் பாருங்கள்.

கோவை ஆராய்ச்சி மாணவன்
9 ஜூன், இரவு

எச்சாக் கஷ்டப்படுமா என்ற கேள்விக்கு ஆய்வுகளிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, படிக்கிற துறையும் வேறு, ஆனால் எனக்கே சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. அதனால் இதையெல்லாம் தேடித் தேடிப் படிப்பேன்.

2020இல் எல்லோருமே ஆஸ்துமாக்காரர்கள்தான் முதலில் போவார்கள் என்று பயந்தார்கள். நுரையீரல் நோய் ஆயிற்றே. ஆனால் உலகம் முழுக்க வார்டுகளில் எதிர்பார்த்த அளவு ஆஸ்துமாக்காரர்கள் இல்லை. ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது இது: கொரோனா கிருமி உடம்புக்குள் நுழைய செல்லின் மேல் ஏசிஇ2 என்ற ஒரு புரதம் வேண்டும். ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மூக்குச் செல்களில் அது குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இழுக்கிற ஸ்டீராய்டும் அதைக் குறைக்கிறது என்று இன்னொரு ஆய்வு சொன்னது. இது ஆய்வகத்துச் செய்தி, இதை நம்பி மெத்தனமாக இருக்கக்கூடாது. ஆனால் “பஃப் கொரோனாவைக் கூட்டிவரும்” என்பதற்கு இது நேர் எதிர்த் திசையில் நிற்கிறது.

பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய கணக்கு ஸ்காட்லாந்துடையது. 5 முதல் 17 வயது வரை ஏழரை லட்சம் பிள்ளைகள், அதில் 63,000 பேருக்கு மேல் ஆஸ்துமா. கொரோனா உறுதியான ஆஸ்துமாப் பிள்ளைகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஒன்றரை. ஆஸ்துமா இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சின்னது. அப்புறம் பிரித்துப் பார்த்தார்கள். ஆபத்து எல்லா ஆஸ்துமாப் பிள்ளைகளிடமும் சமமாக இல்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஆஸ்துமாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், இரண்டு முறையோ அதற்கு மேலோ வாய்வழி ஸ்டீராய்டு எடுத்தவர்கள், இவர்களிடம்தான் அது குவிந்திருந்தது. அதாவது ஆஸ்துமா அடங்காமல் இருந்த பிள்ளைகள். ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டியும் அதையே சொல்கிறது: நன்றாக அடங்கியிருக்கிற மிதமான ஆஸ்துமா, கடுமையான கொரோனாவுக்குப் பெரிய காரணமில்லை.

உங்கள் பையனுக்கு நீல பஃப் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது, ஆடிக் காற்றையே தாண்டிவிட்டான் என்கிறீர்கள். அவன் நல்ல பக்கத்தில் இருக்கிறான். நிறுத்தினால் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுகிறீர்கள்.

தென்னந்தோப்பு அப்புச்சி
10 ஜூன்

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பில் இருக்கிறேன். பேத்திக்கு இந்த வியாதி. ஒரு விஷயம் எனக்குப் புரிபடவே இல்லை. 2020இல் ஊரடங்கு போட்டார்களே, அந்தக் கோடை முழுக்க அவளுக்கு ஒரு இழுப்பும் வரவில்லை. கொரோனா ஊரெல்லாம் ஆடுகிறது, இந்தப் பிள்ளை மட்டும் மாமரத்தில் ஏறிக்கொண்டு திரிகிறது. அடுத்தாப்பில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆரம்பித்துவிட்டது. கொரோனாவைவிட பள்ளிக்கூடம்தான் பெரிய வியாதியா?

கோவை ஆராய்ச்சி மாணவன்
10 ஜூன்

அப்புச்சி, நீங்கள் பார்த்ததையே உலகம் முழுக்கப் பார்த்தார்கள். ஊரடங்குக் காலத்தில் ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் எண்ணிக்கை பல நாடுகளில் சரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வரப் பயந்தது ஒரு பங்கு. ஆனால் முக்கியமான காரணம், பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்புவதில் முதலிடம் சாதாரணச் சளிக் கிருமிக்கு, ரைனோவைரஸுக்கு. பள்ளிக்கூடமும் இல்லை, விசேஷமும் இல்லை, நோம்பியும் இல்லை என்றால் அது யாரிடமிருந்து யாருக்கு ஒட்டும்? கொரோனா கிருமி அந்த அளவுக்கு இழுப்பைக் கிளப்புவதாகத் தெரியவில்லை.

கேட்கிறேனென்று தப்பாக நினைக்காதீங்க, தோப்புக்குப் பக்கத்தில் நார் மில் ஏதும் உண்டா?

தென்னந்தோப்பு அப்புச்சி
10 ஜூன்

இரண்டு இருக்கிறது தம்பி. ஊரடங்கில் அதுவும் நின்றுதான் கிடந்தது. காய வைக்கிற தேங்காய்நார்த் தூள் காற்றடித்தால் நேராக எங்கள் தாழ்வாரத்துக்குத்தான் வரும். துணி காயப்போட்டால் பழுப்பாகிவிடும். அதை நான் யோசிக்கவே இல்லை, மரம் ஏறினதால் உடம்பு தேறிவிட்டது என்றல்லவா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்!

சோமனூர் தறி
10 ஜூன்

நேற்று விட்ட கதை. பாப்பாவுக்குக் கொரோனா சுகமாகத்தான் போயிற்று. ஆனால் அதற்கப்புறம் பத்துப் பதினோரு மாதம் அவள் ஆஸ்துமா ஒழுங்காக இல்லை. முன்பெல்லாம் நீல பஃப் மாதத்தில் ஒரு தரம் எடுத்தால் உண்டு. அந்த வருடம் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் எடுக்க வேண்டி வந்தது. மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் பஃப் அளவைக் கூட்டினார், அந்த வருட மார்கழி வந்தபோதுதான் பழைய நிலைக்கு வந்தாள். அதனால் காய்ச்சல் இறங்கியதும் முடிந்தது என்று விட்டுவிடாதீங்க.

எங்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். பஞ்சு தூசி இல்லாத மூலையே கிடையாது. அப்போதுதான் பாப்பா படுக்கிற அறையை வீட்டின் மறுகோடிக்கு மாற்றினோம். தறிக்கூடத்துக் கதவுக்கு ஈரத் திரை போட்டோம். நான் தறியிலிருந்து வந்ததும் சட்டை மாற்றாமல் அவளைத் தூக்குவதில்லை.

கோவை ஆராய்ச்சி மாணவன்
10 ஜூன்

அண்ணன் சொல்வது கலிபோர்னியாவில் ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரி கண்டதோடு ஒத்துப்போகிறது. கொரோனா உறுதியான ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமாப் பிள்ளைகளை அடுத்த ஆறு மாதம் கவனித்தார்கள். அவசரப் பிரிவு வருகை, ஆஸ்பத்திரிச் சேர்க்கை, நிவாரண பஃப் (நம் நீல பஃப்) பயன்பாடு எல்லாம் கொரோனா வராத பிள்ளைகளைவிட அதிகம். வந்த வாரத்தைவிட வந்துபோன மாதங்களில்தான் கண் வைக்க வேண்டும் போலிருக்கிறது.

அவிநாசி அம்மா
10 ஜூன்

என் மகளுக்கு ஆஸ்துமாவே கொரோனாவால்தான் வந்தது. 2021க்கு முன்னால் ஒரு தும்மல்கூடக் கிடையாது.

கோவை ஆராய்ச்சி மாணவன்
10 ஜூன்

அக்கா, உங்கள் மகள் விஷயத்தை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பொதுவாக எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பிலடெல்பியாவில் கொரோனா பரிசோதனை செய்துகொண்ட 27,000 பிள்ளைகளை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்டார்கள். பாசிட்டிவ் வந்த பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வருவது கூடவில்லை. ஒவ்வாமைச் சளி, உணவு ஒவ்வாமை போன்றவை இருந்த பிள்ளைகளுக்கு, கொரோனா வந்தாலும் வராவிட்டாலும் ஆஸ்துமா கூடியது.

அவிநாசி அம்மா
10 ஜூன்

அவளுக்கு மூக்கு அரிப்பு குழந்தையிலிருந்தே உண்டு. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பெற்றவளுக்குத் தெரியும்.

மூலிகைத் தோட்டம்
10 ஜூன்

அமெரிக்காக்காரன் ஆய்வு நம்மூர்ப் பிள்ளைக்குப் பொருந்துமா? 2021இல் கோயம்புத்தூரில் எத்தனை கூட்டம், எவ்வளவு சாவு!

பழைய நர்ஸ்
10 ஜூன்

2021 மே கடைசியில் ஒரு நாள் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது, உண்மைதான். சிங்காநல்லூர் இஎஸ்ஐ நிரம்பி வழிந்தது, கொடிசியா வளாகத்தில் கட்டில் போட்டார்கள், முதலமைச்சர் முழுக் கவச உடையோடு வார்டுக்கே வந்து பார்த்தார். ஆனால் அந்த வார்டுகளில் யார் படுத்திருந்தார்கள்? பெரும்பாலும் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு வந்தவையும் பெரும்பாலும் லேசாகவே கடந்தன. பிள்ளைகளில் நாங்கள் பயந்தது வேறொன்றுக்கு. கொரோனா வந்துபோன இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் விடாத காய்ச்சல், சிவந்த கண், தோலில் தடிப்பு, தாங்க முடியாத வயிற்று வலி என்று சில பிள்ளைகள் வந்தன. உடம்பு முழுக்க வீக்கம் பரவி இதயத்தைத் தொடுகிற நிலை அது. அரிதுதான், ஆஸ்துமாவுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த அறிகுறி கண்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

மறந்துவிட்டேன், நெபுலைசர். நம்மூரில் மூச்சு இறுகினால் “மிஷின் வைக்கணும்” என்றுதான் வருகிறார்கள். ஸ்பேசரோடு கொடுக்கிற பஃப் பெரும்பாலான நேரம் அதே பலன் தரும், வேகமாகவும் முடியும். கொரோனா சந்தேகம் இருக்கும்போது மிஷின் புகை கிருமியையும் காற்றில் பரப்பலாம் என்பதால் அப்போது அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். வீட்டில் மிஷின் வைத்தே ஆக வேண்டும் என்றால் தனி அறை, திறந்த ஜன்னல், வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் வேண்டாம். அண்ணன் தம்பி இருவருக்கும் வீசிங் என்றால் ஆளுக்கொரு ஸ்பேசர்.

காங்கேயம் டீச்சர்
11 ஜூன்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிரச்சினையைச் சொல்கிறேன். வகுப்புக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வீசிங் இருக்கிறது, பெற்றோர் எங்களிடம் சொல்வதே இல்லை. பெண் பிள்ளை என்றால் சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள், நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சாகிவிடுமாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு! விளையாட்டு வகுப்பில் மூச்சு வாங்கினால்தான் எங்களுக்குத் தெரிகிறது. அந்த நேரம் பஃப் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

விடுமுறை முடிந்து வந்தால் மைதானம் முழுக்கப் பார்த்தீனியம். பூத்துவிட்டால் அந்த மகரந்தம் போதும். பூக்கும் முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும், அதையும் ஆஸ்துமாப் பிள்ளைகளை விட்டே பிடுங்கச் சொல்லாமல் இருக்க வேண்டும். (சொல்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.)

முகக்கவசம் கேட்பீர்கள் என்று தெரியும். அப்போது மத்திய அரசு சொன்னது: ஐந்து வயதுக்குள் வேண்டாம், 6 முதல் 11 வரை பிள்ளைக்கு முடிகிறதைப் பொறுத்து, பெரியவர் கவனிப்பில், 12க்கு மேல் பெரியவர்கள் மாதிரி. ஆஸ்துமா இருந்தால் கவசம் போடக்கூடாது என்பது கட்டுக்கதை. மூச்சு இறுகுகிற நேரத்தில் மட்டும் கழற்றிவிட வேண்டும்.

அவிநாசி அம்மா
11 ஜூன்

தடுப்பூசி? இந்த வயசுப் பிள்ளைகளுக்கு உண்டா?

கோபி மாத்திரைக்காரர்
11 ஜூன்

2022 ஜனவரி 3 முதல் 15–17 வயதுக்குக் கோவாக்சின், மார்ச் 16 முதல் 12–14 வயதுக்குக் கோர்பேவேக்ஸ் போட்டார்கள். 12க்குக் கீழே அரசுத் திட்டத்தில் போகவில்லை. ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஃப்ளூ ஊசி போடலாம், குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதைப் பரிந்துரைக்கிறது. தனியாரில்தான் கிடைக்கும், மழைக்காலத்துக்கு முன்னால் கேளுங்கள். நம்மூரில் ஆஸ்துமாப் பிள்ளைகளைக் கொரோனாவைவிட ஃப்ளூதான் வாட்டுகிறது, என் கடைக்கு வருகிற சீட்டுகளை வைத்துச் சொல்கிறேன்.

கேட்காமலே ஒன்று சேர்க்கிறேன். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். கடையில் நீங்களாகவே வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள், சில ஆஸ்துமாக்காரர்களுக்கு அது இழுப்பைக் கிளப்பும். வீசிங்குக்குத் தருகிற மாண்டிலுகாஸ்ட் மாத்திரை எடுக்கிற பிள்ளை திடீரென்று கெட்ட கனவு, எரிச்சல், அழுகை என்று மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துத் துறை அதற்குக் கடுமையான எச்சரிக்கையே போட்டது. மெலிந்துபோய்விட்டான், கொரோனா பயத்தில் அழுகிறான் என்று நீங்களாக ஒரு காரணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நெறியாளர்
12 ஜூன்

கபசுரக் குடிநீர் பற்றிய பதினோரு பதிவுகளைச் சித்த மருத்துவப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஆஸ்துமா, கொரோனா மட்டும் பேசவும்.

கொடுவாய்க்காரி
13 ஜூன், இரவு

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன், வீட்டில் நான் சொன்னால் எடுபடாது என்று. டாக்டர் அவரிடமே ஸ்பேசரைக் கொடுத்து, “ஆத்தா, நீங்கதானே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாத்துக்கறீங்க, எப்படிக் கொடுப்பீங்க காட்டுங்க” என்றார். அத்தை பஃப்பைக் குலுக்காமலே இரண்டு தரம் சேர்த்து அமுக்கினார். டாக்டர் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து காட்டினார்: குலுக்கு, ஒரு அமுக்கு, பிள்ளை ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்கட்டும், அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்கு. ஸ்டீராய்டு பஃப் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசரை வாரம் ஒரு தரம் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விட வேண்டும், துணியால் துடைத்தால் உள்ளே மின் ஈர்ப்பு ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். நாங்கள் சாமான் கழுவுகிற மாதிரி தேய்த்துத் துடைத்துத்தான் வைத்துக்கொண்டிருந்தோம்.

பஃப்பை நிறுத்த வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். கொசுவர்த்தியையும், தலைக்கு ஊற்றினால் போடுகிற சாம்பிராணிப் புகையையும் மட்டும் நிறுத்தச் சொன்னார். அத்தைக்குச் சாம்பிராணிதான் மனசே ஆறவில்லை. பஃப் விஷயத்தில் வாயே திறக்கவில்லை, இப்போது ராத்திரி அவரே நேரம் பார்த்துக் கூப்பிடுகிறார்.

டீச்சரக்கா சொன்னதைக் கேட்டு வகுப்பு டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், சரியா பாருங்க:

“மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, என் மகனுக்கு ஆஸ்துமா உள்ளது. அவன் பையின் முன் ஜிப்பில் நீல நிற பஃப் இருக்கும். இருமல் நிற்காமல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உட்கார வைத்து, ஒவ்வொன்றாக நான்கு பஃப் கொடுக்கவும். 20 நிமிடத்தில் குறையாவிட்டால் மறுபடி நான்கு கொடுத்து எங்களை அழைக்கவும். பேச முடியாமல் திணறினால் எங்களுக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழைக்கவும். இந்த அளவுகள் மருத்துவர் எழுதித் தந்தவை, சீட்டின் நகல் இணைத்துள்ளேன். விளையாட்டு வகுப்பில் அவன் கலந்துகொள்ளலாம். காய்ச்சலோ சளியோ இருந்தால் நாங்களே அனுப்ப மாட்டோம்.”

காங்கேயம் டீச்சர்
13 ஜூன்

இப்படி ஒரு கடிதம் எனக்கு யாராவது கொடுத்தால் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வேன். இரண்டு செல் நம்பர் எழுதுங்கள், ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று.

பழைய நர்ஸ்
13 ஜூன்

பஃப் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி, ஸ்பேசரை எழுதவில்லை. ஸ்பேசர் இல்லாமல் ஏழு வயதுப் பிள்ளை வாயில் நேராக அமுக்கினால் பாதி மருந்து தொண்டையில்தான் ஒட்டும். பள்ளிக்கென்று இன்னொரு ஸ்பேசர் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். பஃப் டப்பாவின் பின்னால் காலாவதித் தேதியையும் பாருங்கள், பையிலேயே கிடந்து கிடந்து அது முடிந்துபோயிருக்கும்.

தென்னந்தோப்பு அப்புச்சி
14 ஜூன்

அம்மிணி, அந்தக் கடிதத்தை அப்படியே பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எழுதிக்கொள்ளட்டுமா? மகன் என்பதை மகள் வயிற்றுப் பேத்தி என்று மாற்றினால் போதுமல்லவா?

கொடுவாய்க்காரி
14 ஜூன்

தாராளமா எழுதிக்கோங்க அப்புச்சி. பஃப் எத்தனை என்பதை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுப் போடுங்க.